வக்கீல் வெட்டிய மங்களம்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்குக் கலையார்வமும் கூடவே பிடித்துக்கொள்ளும். 1961-ல் வக்கீல் தில்லைநாயகம் பிள்ளைக்குப் பிடித்தது கொஞ்சம் கடுமையான ரகம். நாடக அபிவிருத்திச் சபையின் தலைவர், டைரக்டர், பிரதமப் பேச்சாளர் எல்லாம் அவரேதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் சபை போட்ட நார்வே நாட்டு நாடகத்தை, சீசனுக்கு வந்திருக்கும் பெரிய மனிதர்கள் முன்னால் மறுபடி மேடையேற்றப்போவதாக நோட்டீஸ் அடித்துவிட்டார். யோசனை தம்முடையது என்றும் அதிலேயே போட்டுக்கொண்டார்.

யோசனை பிச்சுமணியுடையது.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான பிச்சுமணிக்கு அதில் கணவன் வேஷம். போன நூற்றாண்டுக் கதை அது. பாங்கிக்காரன் ஒருவன் பெண்டாட்டியைக் கூண்டுக்கிளி மாதிரி கொஞ்சி வைத்திருக்கிறான். அவள் ஒருநாள் நன்றாக யோசித்துப் பார்த்து, புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விடுகிறாள். அவ்வளவுதான். திரும்பி வரமாட்டாள்.

தென்காசியில் வந்தாள். மங்களம் பாடாமல் நாடகத்தை முடிக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் ஏது? முதல் தடவை போட்டபோது, கதவைச் சாத்திக்கொண்டு போனவள் அடுத்த நிமிஷமே பக்கத்துப் படுதா வழியாக வந்து, புருஷனுக்கு இடப்பக்கம் நின்று, கைகூப்பி மங்களம் பாடினாள். சனங்களுக்குப் பரம திருப்தி. “கோவிச்சுக்கிட்டுப் போனவ வந்துட்டாள்லா” என்று சொல்லிக்கொண்டே வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பிச்சுமணியின் மனைவி முத்துவடிவும் இருந்தாள். இரண்டு வருஷம் கழித்து அவள் இலத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். பிச்சுமணி கூப்பிடப் போகும்போதெல்லாம் மைத்துனர் காபி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார். அவள் உள்ளேயே இருந்தாள். நாளடைவில் அவன் போவதை விட்டுவிட்டான். ஆபீஸில் விசாரிப்பவர்களிடம், “ஆடி கழிஞ்சு வருவா” என்பான். எந்த ஆடி என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

வீட்டில் நடக்காதது மேடையிலாவது இன்னொரு தடவை நடக்கட்டும் என்றுதான் அவன் வக்கீலிடம் பழைய நாடகத்தை ஞாபகப்படுத்தினான். இடப்பக்கம் வந்து நிற்கப்போவது, பட்டாளத்திலிருந்து திரும்பி, பெண் வேஷத்துக்காக மீசையை மழித்துக்கொண்ட அச்சன்புதூர் சங்கிலிப்பாண்டிதான். ஆனாலும் பரவாயில்லை.

கடைசி ஒத்திகையன்று வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அறிவித்தார். “இந்தத் தடவை மங்களம் கிடையாது.”

“ஏன் அண்ணாச்சி?” என்றான் பிச்சுமணி.

“நார்வேயில எவன்வே மங்களம் பாடுதான்? இது உலக இலக்கியம்! போனவ போனவதான். அந்தக் கதவுச் சத்தத்துல சமுதாயமே நடுங்கணும். நீரு திகைச்சுப்போயி நிப்பீரு, திரை விழும்.”

“மங்களம் பாடாட்டா சனங்க எந்திரிக்க மாட்டாங்களே.”

“நடுங்குதவன் எப்படிவே எந்திரிப்பான்?”

“சின்னதா ஒரு ரெண்டு அடியாவது...”

“ரெண்டு அடியில மறுமலர்ச்சியே போயிரும்வே!”

சங்கிலிப்பாண்டிக்கு மட்டும் ஏக சந்தோஷம். “நல்லதாப் போச்சு. கதவைச் சாத்துன கையோட ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிச்சிருவேன்.”

நாடகத்தன்று வக்கீல் நார்வேயின் குளிரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டும் தலையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் நடுங்கிக்கொண்டே கேட்டார்கள். அன்றைக்குச் சமுதாயம் நடுங்கியது அந்த ஒரு நேரம்தான்.

கடைசிக் காட்சியில் சங்கிலிப்பாண்டி பட்டாளத்துப் பலம் அத்தனையையும் காட்டிக் கதவை அறைந்தான். மணல் மூட்டை முட்டுக்கொடுத்த நிலை ஆடி நின்றது. கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்து ஒழுக, பிச்சுமணி தனியாக நின்றான். திரை விழவில்லை. சாரலில் நனைந்த கயிறு உப்பிப்போய்க் கப்பியில் சிக்கிக்கொண்டிருந்தது.

“திகையும்வே! இன்னுங் கொஞ்சம் திகையும்!” என்று பக்கத்திலிருந்து வக்கீல் பல்லைக் கடித்தார்.

பிச்சுமணி கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். திகைப்பதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. “என்னவே, அந்தப் பிள்ளை வரலையா?” என்றது ஒரு குரல்.

“வருவா, வருவா. மங்களம் பாடணும்லா?”

பிச்சுமணி கைகூப்பினான். மங்களத்தை எடுத்தான். துணைக்கு யாரும் பாடவில்லை. ஆர்மோனியக்காரர்கூட வக்கீலின் முகத்தைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் பீடி பற்றவைக்கப்போன சங்கிலிப்பாண்டிக்கு மங்களம் காதில் விழுந்தது. பழக்க தோஷம், பீடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். டோப்பாவைக் கழற்றிய மொட்டைத் தலையும், தூக்கிச் செருகிய சேலையுமாகப் பிச்சுமணிக்கு இடப்பக்கம் நின்று கைகூப்பினான். வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “வந்துட்டாள்லா!” என்று கூட்டம் எழுந்தது.

பிச்சுமணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சங்கிலிப்பாண்டி தெரிந்துவிடுவான். ஓரக்கண்ணில் சேலைக்கரை மட்டும் அசைந்தது. வளையல் சத்தம் கேட்டது. அது போதும்.

“சட்டுன்னு முடியும்வே. பஸ்ஸு போயிரும்” என்று சேலைப்பக்கத்திலிருந்து முணுமுணுப்பு வந்தது.

கடைசி அடி வந்தது. அதைப் பாடிவிட்டால் பக்கத்தில் நிற்பவன் போய்விடுவான். பெஞ்சுகள் காலியாகிக்கொண்டிருந்தன. பிச்சுமணி மூச்சு விடாமல் மறுபடி முதல் அடியை எடுத்தான்.