மாத்திரையின் மேல்பூச்சு

நெற்றி நிறையத் திருநீறும் சலவைச் சட்டையுமாக ஆலையின் ஸ்பிரிட் கணக்குக்குப் பொறுப்பான அம்பலவாணன் ஸ்பிரிட் அறையைத் திறந்தார். சன்னல் இல்லாத அறை. நெடி மூக்கில் ஏறியது. மக்காச்சோளத்தில் மாவை எடுத்தபின் மிஞ்சும் மஞ்சள் சக்கையில் ஒரு புரதம் உண்டு. அது தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட் என்னும் எரிசாராயத்தில் கரையும். கரைத்து, வடித்து, பொடியாக்கினால் மாத்திரைகளுக்கு மேல்பூச்சாகும்.

அந்த வேலையில் கொஞ்சம் ஸ்பிரிட் ஆவியாகத்தான் செய்யும். அம்பலவாணன் கையெழுத்திட்டால் அரசாங்கம் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஆறு மாதமாக முதலாளி சிவகணேஷ் நீட்டிய தாள்களில், ஆவியான நூறு லிட்டர் ஐந்நூறாகியிருந்தது. பின்வாசலில் கேன்கள் போவதை அம்பலவாணன் பார்த்தார். மகள் சித்ரலேகாவை முதலாளி வீட்டுக்கு நிச்சயம் செய்தாயிற்று; எப்படிக் கேட்பது? கையெழுத்திட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று, சக்கை அலசும் இசக்கியம்மா வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கண்ணும் தெரியலை. இங்கேர்ந்து போற ஸ்பிரிட்டுல என்னத்தையோ கலந்து ஆத்தங்கரையில விக்காவ. அதைக் குடிச்சிருக்காரு. ஆபீசர் வாராராம். நீங்க உள்ளதைச் சொல்லுவியளா?"

அதற்குள் சிவகணேஷ் வந்துவிட்டார். "ஏளா, போயி வேலையைப் பாரு!" என்று அவளை விரட்டிவிட்டுத் திரும்பினார். "என்ன சம்பந்தி, பேயறைஞ்ச மாதிரி நிக்கீய? ஆவியாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"அம்புட்டுமா ஆவியாப் போச்சு?"

"கையெழுத்து ஒங்களது. மாத்திச் சொன்னா மொதல்ல விலங்கு ஒங்க கைக்குத்தான். பொறவு தை மாசம் கல்யாணம் எங்கன நடக்கும்?"

மதுவிலக்கு அதிகாரி வந்தார். தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒங்கப்பாட்ட படிச்சவன் சார் நான். பொய்யே பேசாத வாத்தியாரு அவரு. நீங்க ஆவியாச்சுன்னு எழுதினா அது ஆவியானதுதான். இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

அம்பலவாணன் பேனாவை எடுத்தார். சுவரோரம் இசக்கியம்மா போகாமல் நின்றிருந்தாள். பேனாவை மூடி வைத்தார்.

"ஆவியாகலை சார். கேன்ல போச்சு. கசப்புத் தெரியாம இருக்க மாத்திரைக்குப் பூசுதோம்லா? அது மாதிரி இந்தக் களவு மேல எங்கப்பா பேரைப் பூசிட்டேன். குடும்ப மானத்தைக் காப்பாத்துதேன்னு நெனைச்சேன். தெரிஞ்சே பொய்யில கையெழுத்துப் போடுதவனும் களவாணிதான். அவனுக்கு மானம் ஏது?"

சிவகணேஷ் விருட்டென்று வெளியேறினார். சம்பந்தி என்று அதன்பின் அவர் அழைக்கவில்லை.

அம்பலவாணன் இசக்கியம்மாவைப் பார்த்தார். அவள் கும்பிடவில்லை.

"இந்த வாய் ஆறு மாசத்துக்கு முன்னால தொறந்திருந்தா, எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு என் முகத்தைப் பாத்திருப்பாருய்யா."