அரைக் கிண்ணம் கவுல்

கடல்பாசியை வேகவைத்து, ஓட்ஸ் மாவில் புரட்டி, பன்றிக் கொழுப்பில் வதக்கி, அதைக் காலைப் பலகாரம் என்று தின்கிற ஊர்க்காரி ஒருத்தி தன் அடுப்படிக்குள் காலெடுத்து வைப்பாள் என்று நெஸ்டா கனவிலும் நினைத்ததில்லை. வைத்துவிட்டாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் ஒரு கூடையோடு, சிரித்த முகத்தோடு.

பெயர் மென்னா. புருஷனைப் பறிகொடுத்தவள். வேல்ஷ் நாட்டின் தெற்குக் கடலோரத்தில் பிறந்து, இப்போது கேரவன்கள் நிற்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் டீக்கடை நடத்துகிறாள். கோடையில் வரும் இங்கிலீஷ்காரர்களுக்கு வேல்ஷ் கேக் சுட்டு, அதன் மேல் சாக்லேட் தடவி விற்கிறாளாம். இதைக் கேட்ட அன்று நெஸ்டாவுக்குச் சோறுதண்ணி இறங்கவில்லை. கல்லில் சுட்டெடுத்த கேக்குக்குச் சர்க்கரை தூவினால் போதாதா? இன்றைக்குக் கேக்குக்குச் சாக்லேட் தடவுகிறவள் நாளைக்கு ஆட்டுக்கறிக்கு ஜாம் தடவுவாள்.

இவளைத்தான் எம்ரிஸ் கட்டிக்கொள்ளப் போகிறானாம். எம்ரிஸ், நெஸ்டாவின் தம்பி. அறுபதை நெருங்குகிறான். ஆடு, வேலி, மழை இந்த மூன்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் வாய் திறக்காதவன் டீக்கடைக்காரியிடம் மட்டும் என்னத்தைப் பேசிக் கிழித்தானோ. பண்ணை அவன் பேரில் இருக்கிறது. ஆனால் அடுப்படி நெஸ்டாவினுடையது. அம்மா செத்த வாரத்திலிருந்து அந்த இரும்பு அடுப்பின் முன்னால் நெஸ்டாதான் நிற்கிறாள். கல்யாணம் என்று ஒன்று நடந்தால் அங்கே மென்னா நிற்பாள். நெஸ்டா மாடி அறையில் உட்கார்ந்திருந்து, கூப்பிட்டால் இறங்கி வந்து, வைத்ததைத் தின்றுவிட்டுப் போக வேண்டும்.

சண்டை போட்டால் எம்ரிஸ் எழுந்து ஆட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவான். அதனால் அவள் சண்டை போடவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து எங்களுக்கு ஒரு கவுல் வச்சுக் குடேன், மென்னா" என்று தேனொழுகக் கூப்பிட்டாள். அந்த அழைப்பில்தான் அவள் குசும்பு இருந்தது. அந்தப் பக்கத்தில் கவுல் என்கிற கறிச் சாறு என்றால் சனிக்கிழமையே கறியை வேகவைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காய்கறி போட்டுச் சூடாக்கித்தான் சாப்பிடுவார்கள். அன்றைக்கே வைத்து அன்றைக்கே இறக்கினால் அது வெறும் கறித் தண்ணி. விவரம் தெரிந்தவளாக இருந்தால் முதல் நாளே வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இவள் சரி என்று தலையாட்டினாள்.

அன்றைக்கு எம்ரிஸ் மட்டும் சேப்பலுக்குப் போனான். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு நெஸ்டா வீட்டில் இருந்தாள். கர்த்தர் மன்னிப்பார். கவுலைக் கெடுப்பதைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பைக் கர்த்தரே விட்டிருக்க மாட்டார்.

"பெரிய பானை எங்க இருக்கு?" என்று மென்னா கேட்டாள்.

"எங்க இருக்கணுமோ அங்கதான் இருக்கு."

மென்னா தேடி எடுத்துக்கொண்டாள். ஆட்டுக் கழுத்துக்கறியைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். "உங்க பக்கம் நேத்தே வேகவச்சு ஆறவிடுவீங்கல்ல?"

"தெரிஞ்சா சரி. உங்க பக்கம் அதெல்லாம் எதுக்கு. பாசிக்கு ஏது நேத்து, இன்னைக்கு."

"அய்யோ, பாசி பகல் பூரா வேகணும், நெஸ்டா. அதுக்கு இது எவ்வளவோ தேவல."

அவளுக்கு ரோஷமே வரவில்லை. குத்தினால் குத்துப்பட வேண்டாமா? நெஸ்டாவுக்கு அதுதான் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மென்னா கேரட்டைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்குகிறாள். உருளைக்கிழங்கையும் அப்படியே. கடைசியில் தூவ வேண்டிய லீக் வெங்காயத்தின் பச்சைத் தண்டை முதலிலேயே போட்டு, அது நிறம் செத்துத் தொங்குகிறது. இத்தனையும் போதாதென்று ஒரு கைப்பிடி ஓட்ஸை அள்ளிப் போட்டுக் கிண்டினாள்.

"கன்னுக்குட்டிக்குக் கூழ் காய்ச்சறியா?"

"பல்லு இல்லாதவங்களும் சாப்பிடலாம்ல" என்றாள் மென்னா, திரும்பிப் பார்க்காமலே.

பல்செட் போட்டிருந்த நெஸ்டா வாயை மூடிக்கொண்டாள். சிறுக்கி தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சேப்பல் முடிந்து எம்ரிஸ் வந்தான். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தான். நெஸ்டாவின் முறைப்படி முதலில் தெளிந்த சாறு, ரொட்டியும் சீஸும் தொட்டுக்கொள்ள. அப்புறம் தட்டில் கறியும் கிழங்கும். மென்னா எல்லாவற்றையும் கலந்தே கிண்ணங்களில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். நெஸ்டா தன் கிண்ணத்தைத் தொடவேயில்லை. கண் எல்லாம் தம்பியின் கரண்டி மேல்தான்.

எம்ரிஸ் சாப்பிட்டான். பாதிக் கிண்ணத்தில் கரண்டியைக் கீழே வைத்தான்.

நெஸ்டாவுக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. "ஏண்டா, இறங்கலையா?"

"போதும்க்கா."

மென்னா "சரி" என்று கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டீ ஊற்றப் போனாள். அவ்வளவுதான். முகம் சுண்டவில்லை, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. தோற்றது கூடத் தெரியாத ஜென்மம் என்று நெஸ்டா நினைத்தாள். தெரிய வைக்க வேண்டியதுதான்.

"மென்னா, உன்னைக் குறை சொல்றேன்னு நினைக்காத. முப்பது வருஷமா இந்த மேஜையில இவன் ஒரு சொட்டு மிச்சம் வச்சதில்ல. வேணும்னா அவனையே கேளு."

"வச்சதில்லதான்" என்றான் எம்ரிஸ்.

"ஏன்னும் சொல்லு."

எம்ரிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தான். "வச்சா நீ விடமாட்ட."

"என்னடா பேசற?"

"பசியில்லன்னு சொன்னா, உனக்கு என்ன தெரியும்னு இன்னொரு கரண்டி ஊத்துவ. வயித்து வலின்னாலும் ஊத்துவ. நான் முடிக்கிற வரைக்கும் எதிர்ல நின்னுட்டே இருப்ப. அப்பா செத்த அன்னைக்குக்கூட நின்ன." அவன் ஒரு வாய் டீ குடித்தான். "இவ கவுல் மோசமில்ல. போதும்னேன், எடுத்துட்டா."

அந்த ஊரில் மோசமில்லை என்பதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. அதை நெஸ்டா அவன் வாயால் ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போலவும் கேட்டதில்லை.

"அப்ப இத்தனை நாளும் என் கையால சாப்பிட்டது தண்டனையா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா. உன் கவுல் நல்லாத்தான் இருக்கும். நீ உக்காந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதை மென்னா முன்னால் காட்டுவாளா? கோபத்தைக் காட்டினாள்.

"சரி, வா. வந்து இந்த அடுப்பைப் பிடிச்சுக்க. இதுக்குத்தான வந்த. பாசியக் காய்ச்சு, சாக்லேட்டைக் காய்ச்சு, எதை வேணும்னாலும் காய்ச்சு. நான் மாடியில கெடக்கேன்."

மென்னா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாண வீட்டில் அழுக்குச் சட்டையோடு வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"இது எனக்கு எதுக்கு, நெஸ்டா? காலையிலேர்ந்து பாத்துட்டேன், ஒரு பக்கம் கருகுது, ஒரு பக்கம் சூடே ஏற மாட்டேங்குது. நான் இங்க வரல. அவர்தான் என் வீட்டுக்கு வராரு. ஆட்டைப் பாக்க தினமும் இங்க வருவாரு, சாயங்காலம் திரும்பிடுவாரு. உங்க அடுப்படி, நீங்களே வச்சுக்குங்க."

நெஸ்டா எதற்காக இத்தனை பாடுபட்டாளோ அது கிடைத்துவிட்டது. அதில் ஒரு மூலையைக்கூட இந்தக் கடற்கரைக்காரி கேட்கவில்லை. இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறாள்.

அவள் தம்பியைப் பார்த்தாள். "மத்தியானம்? மத்தியானம் இங்கதான சாப்பிடுவ?"

எம்ரிஸ் மேஜை மரத்தை நகத்தால் சுரண்டினான். "மென்னா டப்பாவுல கட்டிக் குடுப்பா."

"டப்பாவுலயா? சொந்த வீடு இருக்கறப்போ வேலியோரமா உக்காந்து ஆறினதைத் தின்னப் போறியா, நாடோடி மாதிரி?"

அவன் எழுந்தான். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, புதுசாகப் போட்ட ஆட்டுக்குட்டிகளைக் காட்டுகிறேன் என்று மென்னாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். முற்றத்தில் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நெஸ்டா மேஜையைத் துடைத்தாள். தன் கிண்ணம் ஆறிப் போய் அப்படியே இருந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள்.

"உப்பு பத்தல" என்று தம்பி உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.