வழுக்காத பூட்ஸ்

"ஏன் சாதாரணப் பொத்தான் தைக்காம டிச்சுப் பட்டன் வச்சிருக்காங்க?"

கண்காட்சிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். மெர்னா அந்தப் பழைய சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் பிரித்துக் காட்டினாள். படபடவென்று கழுத்திலிருந்து இடுப்புவரை திறந்துகொண்டது. கேட்டவர் ஓர் அடி பின்னால் போனார்.

"மாட்டுக் கொம்புல சட்டை சிக்கினா, சட்டை கழண்டு ஆளை விட்டுடணும். பொத்தான் பிடிச்சுக்கும். இது விட்டுடும்."

"நான் அழகுக்குன்னு நெனச்சேன்."

"அழகெல்லாம் அப்புறம் வந்தது. பூட்ஸோட அடியப் பாருங்க. தோல் வழவழன்னு இருக்கா? கீழ விழுந்தா, சேணத்துல கால் மாட்டுற அங்கவடியிலேர்ந்து கால் வழுக்கி வெளிய வரணும். வரலேன்னா குதிரை இழுத்துக்கிட்டே ஓடும். எங்க ஊர்த் துணிமணி எல்லாமே ஆளை விடறதுக்குன்னு தச்சது சார்."

பல வருடமாகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அதன் அர்த்தம் இப்போதெல்லாம் அவள் காதிலேயே விழுவதில்லை.

ஆட்டுக் கொட்டகையின் கடைசியில் அவளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். தோளில் ரோஜாப் பூவேலை செய்த சட்டைகள், விளிம்பில் தோல் குஞ்சம் தொங்கும் பாவாடைகள், விளிம்பு வளைந்த தொப்பிகள், வரிசையாகப் பூட்ஸ்கள். எல்லாம் செத்துப்போனவர்களின் அலமாரிகளிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு பண்ணைக்காரன் செத்தால் பாதிரிக்கு அடுத்தபடி மெர்னாவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அவள் அதை மறுப்பதில்லை. வாங்கியதை விற்பதைவிட உடுத்துவதுதான் அதிகம். மளிகைக் கடைக்குப் போனாலும் எழுபது வருடத்துச் சட்டையில்தான் போவாள்.

குதிரை மட்டும் ஏறமாட்டாள். அப்பா செத்த பிறகு ஏறியதில்லை.

அப்பா ஒரு மழை நாளில், வேலி தாண்டிப் போன குதிரையைப் பிடிக்க அவசரமாகக் கிளம்பினார். தோல் பூட்ஸை மாட்ட நேரமில்லை. சேற்றில் போடுகிற ரப்பர் பூட்ஸோடு வேறொரு குதிரையில் ஏறினார். அது திரும்பி வந்தபோது அவர் அங்கவடியில் தொங்கிக்கொண்டு வந்தார். மெர்னா வேலியோரம் நின்றிருந்தாள். அவள் தங்கை கோரா அப்போது கைக்குழந்தை, ஒன்றும் பார்க்கவில்லை. அதனாலேயே கோராவுக்குக் குதிரை என்றால் பயமில்லை, மெர்னாவுக்குப் பயம் தவிர வேறொன்றும் இல்லை.

இன்று குதிரையும் காளையும் ஏறி அடக்குகிற ரோடியோப் போட்டி தொடங்கும்போது கோரா மாநிலக் கொடியைத் தூக்கிக்கொண்டு களத்தை முழு வேகத்தில் சுற்றிவர வேண்டும். கண்காட்சிக்கு எழுபத்தைந்தாவது வருடம். முன்னணியில் போகிறவர்கள் பழைய காலத்து உடையில் வரவேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. காலையில் திடலில் நிறுத்தியிருந்த வண்டி வீட்டுக்குள் வைத்து மெர்னாதான் தங்கைக்கு உடுத்திவிட்டாள். சிவப்புச் சட்டை, பின்பக்கம் சிறகு விரித்த பருந்துப் பூவேலை.

"செத்தவ வாசனை அடிக்குதுடி இதுல," என்றாள் கோரா.

"கற்பூர உருண்டை வாசனை. ஆடாம நில்லு."

"யாரோடது?"

"டெல்பா ஹன்சேக்கரோடது. தொண்ணூத்தி நாலு வயசு வரைக்கும் இருந்தா. நீயும் இருக்கலாம், வாய மூடினா."

கோரா சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றிக் கட்டில்மேல் வீசினாள். மெர்னா பாய்ந்து அதை எடுத்தாள். கட்டில்மேல் தொப்பி வைத்தால் வீட்டில் ஒரு சாவு. அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

"அய்யோ, கிழவி ஆரம்பிச்சுட்டா," என்றாள் கோரா. "அக்கா, உனக்குக் குதிரைன்னா பயம், தொப்பின்னா பயம். எதுக்குடி இந்த வேஷம்? நர்ஸ் உடுப்பு சேர்க்கலாமில்ல?"

"உன் பூட்ஸ் சேறா இருக்கு. தொடச்சுட்டுப் போ," என்றதோடு மெர்னா நிறுத்திக்கொண்டாள்.

அதுதான் அவள் செய்த தப்பு. அந்த நேரத்தில் அது தப்பாகத் தெரியவில்லை.

மதியம் வெயில் ஏறியது. மெர்னா எலுமிச்சை ஜூஸ் வாங்கப் போனாள். வரிசை நீளம். திரும்பி வந்தபோது பூட்ஸ் வரிசையின் முன்னால் ஓர் அம்மா நின்று கொண்டிருந்தாள்.

"இது என்ன காலத்துது? ரொம்ப நிஜமா இருக்கே, சேறெல்லாம் அப்படியே வச்சிருக்கீங்க."

மெர்னா பார்த்தாள். வெல்வெட் துணிமேல், சிவப்பு நட்சத்திரம் பதித்த பூட்ஸ் இருக்கவேண்டிய இடத்தில், கோராவின் வேலைப் பூட்ஸ் இருந்தது. காய்ந்த சேறு துணியில் உதிர்ந்து கிடந்தது.

முதலில் வந்தது கோபம்தான். கழுதை, கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், சட்டைக்குப் பொருத்தமான சிவப்பு வேண்டுமென்று. அடுத்த நொடி கையிலிருந்த ஜூஸ் அந்த அம்மாவின் செருப்பில் கொட்டியது.

அந்த நட்சத்திரப் பூட்ஸுக்கு அடியில் ரப்பர் இருந்தது.

போன குளிர்காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடனக் கூடத்தில் ஆடும்போது மெர்னா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மறுவாரமே பூட்ஸ் தைக்கிற ஹோரஸிடம் கொண்டுபோய்ப் பள்ளம் மேடான ரப்பர் ஒட்டித் தைக்கச் சொன்னாள். ஹோரஸ் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏறுறதுக்கா, நடக்கிறதுக்கா?"

"நான் என்னைக்கு ஏறியிருக்கேன்? இது குதிரைப் பக்கமே போகாது."

"அப்ப சரி. பக்கத் தையலும் இத்துப்போச்சு மெர்னா. பிரிச்சுப் புது நூல்ல தச்சுடறேன்."

"அதைத் தொடாதே. பழைய நூல் அப்படியே இருக்கணும். புது நூல் போட்டா அந்த பூட்ஸே பொய்யாயிடும்."

அப்பா செத்த கதையை ஹோரஸும் அறிவான். ரப்பரை மட்டும் ஒட்டிக் கொடுத்தான்.

மெர்னா ஓடினாள். கடையை, காசுப் பெட்டியை, அந்த அம்மாவின் நனைந்த காலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினாள். பஞ்சுமிட்டாய் வண்டி, பன்றிக் கொட்டகை, குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள். யாரும் வழிவிடவில்லை. ஒலிபெருக்கியில் ஊர்ப் பெரியவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால் கொடிதான். இன்னும் பெயர் இருக்க வேண்டும், இன்னும் பத்துக் கிழவன்கள் நன்றி வாங்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். போகிற வழியெல்லாம் அப்பாவின் ரப்பர் பூட்ஸ் கண்ணுக்குள் நின்றது. அதில் ஒட்டியிருந்த சேற்றின் நிறம்கூட நினைவிருந்தது. அது நினைவிருப்பதே அவளுக்குத் தெரியாது.

களத்தின் பின்வாசலில் வேட் நின்றிருந்தான். முந்தைய வருடம் வரை காளை ஏறியவன். இடுப்பு உடைந்த பிறகு வாசல் காக்கிறான். உள்ளே குதிரைகள் வரிசையில் முட்டிக்கொண்டு நின்றன. முதலில் கோரா. அவளுடைய பழைய குதிரைக்குக் கால் நொண்டி என்று இளம் சாம்பல் குதிரையைக் கொண்டுவந்திருந்தாள். அது கூட்டத்தையே பார்த்ததில்லை. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தது.

"வேட், விடு. கோராவை இறக்கணும்."

"இப்ப யாரையும் உள்ள விடக்கூடாது மெர்னா. கதவு திறக்கப் போகுது."

"அவ போட்டிருக்கிறது ரப்பர் பூட்ஸ். கால் மாட்டிக்..."

வேட் அவள் வாயையே பொத்திவிட்டான். உள்ளங்கையில் குதிரை நாற்றம்.

"லூசா நீ? அந்த வார்த்தைய இங்க சொல்லுவாங்களா?"

களத்தின் பின்னால் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. கால் மாட்டிக்கொண்டது, கை மாட்டிக்கொண்டது, தொங்குகிறான் என்று எதுவும் கூடாது. சொன்னால் நடக்கும். எலும்பு முறிந்து கிடப்பவன்கூட அதைச் சொல்லாமல் 'கொஞ்சம் லேட்டா எறங்கினேன்' என்பான். வேட் சிலுவை போட்டுக்கொண்டு, துப்பி, அவளை வேலிப் பக்கம் தள்ளினான். அவன் கண்ணிலும் பயம் இருந்தது. ரப்பர் என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. வார்த்தை மட்டும்தான் ஏறியது.

"கோரா!" என்று கத்த வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். குதிரை மிரண்டால்? கத்தினாலும் சாவு, கத்தாவிட்டாலும் சாவு.  கத்தாமல் விட்டதை மெர்னா பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

கோரா திரும்பிப் பார்த்தாள். அக்காவைக் கண்டதும், மாட்டிக்கொண்ட திருடிபோல் பல்லை இளித்தாள். ஒரு காலை லேசாகத் தூக்கி நட்சத்திரத்தைக் காட்டினாள். மெர்னா தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள், இறங்கு இறங்கு என்று. கோரா அதைத் திட்டு என்று நினைத்துக்கொண்டு கண்ணடித்தாள்.

கதவு திறந்தது.

சாம்பல் குதிரை வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி போனது. கூட்டம் எழுந்து நின்றது. கொடி விரிந்து படபடத்தது. மெர்னா வேலிக் கம்பியில் ஏறி நின்று, பற்களைக் கடித்துக்கொண்டு, தங்கையின் இடது காலை மட்டும் பார்த்தாள். குதிகால்வரை அங்கவடிக்குள் போயிருந்தது. ரப்பரின் மேடு இரும்பில் கவ்விக்கொண்டிருந்தது. முதல் திருப்பம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. போய்விடும், ஒரு சுற்றுத்தானே, வந்துவிடுவாள், வந்ததும் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாவது திருப்பத்தில் யாரோ வாண வெடியைக் கொளுத்தினார்கள். எழுபத்தைந்தாவது வருடமல்லவா.

குதிரை பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது. கொடிக்கம்பு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், கோரா ஒரு பக்கம். விழுந்தவள் விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. கால் மேலே, தலை கீழே, குதிரையின் வயிற்றோரம் புழுதியில் அடித்துக்கொண்டே போனாள். பருந்து போட்ட சிவப்பு முதுகு தூக்கிப் போட்டது. கூட்டத்தின் சத்தம் சட்டென்று நின்றது. ஒலிபெருக்கிக்காரனும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் அந்த வார்த்தை கூடாது.

மெர்னா வேலிக்கு அந்தப் பக்கம் குதித்துவிட்டாள். எப்போது குதித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. குதிரை நேராக அவளைப் பார்த்து வந்தது. பல வருடம் கழித்து ஒரு குதிரையின் மூச்சு அவள் முகத்தில் அடித்தது. மீட்புக் குதிரைக்காரர் எல்ட்ரெட் பக்கத்தில் விரட்டிக்கொண்டு வந்து கடிவாளத்துக்கு எட்டினார். எட்டவில்லை. மெர்னா கைகளை விரித்து நின்றாள். குதிரை அவளைச் சுற்றி வெட்டித் திரும்பியது.

அந்தத் திருப்பத்தில் ஒரு சத்தம். பழைய துணியைக் கிழிக்கிற சத்தம். கோரா மண்ணில் உருண்டு, உருண்டு, நின்றாள்.

குதிரை ஓடிக்கொண்டே இருந்தது. அங்கவடியில் பூட்ஸ் மட்டும் நின்றது, பக்கத் தையல் மேலிருந்து கணுக்கால்வரை வாயைப் பிளந்து. இத்துப்போன எழுபது வருட நூல்.

கோரா மல்லாந்து கிடந்தாள். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ஓட்டைச் சாக்ஸ். கண் திறந்திருந்தது. மெர்னா மண்டியிட்டாள். தொடப் பயந்தாள்.

"ஏய். ஏய், கோரா."

"மூச்சு விடு," என்றாள் கோரா, முனகலாக. "நான் விடறேன். நீதான் விடல."

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஒரு காது தோலுரிந்து தொங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்குள் எல்ட்ரெட் சாம்பல் குதிரையைப் பிடித்துக் கொண்டுவந்தார். ஒரு கையால் பூட்ஸை அங்கவடியிலிருந்து இழுத்தார். வரவில்லை. இறங்கி இரண்டு கையாலும் முறுக்கி எடுத்தார். திருப்பி அடியைப் பார்த்தார். ரப்பரை விரலால் தடவினார். பிறகு மெர்னாவைப் பார்த்தார். அவளுடைய அப்பாவை அங்கவடியிலிருந்து கழற்றியவரும் அவர்தான். பூட்ஸை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆம்புலன்ஸ் நகர்ந்தது. மெர்னா பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

"ரப்பர் நான் போட்டது," என்றாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏறினப்பவே தெரிஞ்சுது. கால் உள்ள போறப்ப கரகரன்னுச்சு." கோரா கூரையைப் பார்த்துப் பேசினாள். "எறங்கி மாத்தணும்னு நெனச்சேன். எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. பூட்ஸ் அழகா இருந்துச்சு."

 வாயைத் திறந்திருந்தால் மெர்னா அலறியிருப்பாள்.

கூட வந்த ஆம்புலன்ஸ்காரர் வெளியூர். களத்திலிருந்து பொறுக்கிய கோராவின் தொப்பியைப் புழுதி தட்டி, நல்ல மனசோடு அவள் படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் வைத்தார்.

கோராவின் முகம் சட்டென்று வெளுத்தது. முறியாத கையால் அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டிச்சுப் பட்டன்கள் படபடவென்று திறந்துகொண்டன.

"அதை எடு," என்றாள். "அக்கா, அதைக் கட்டில்மேலேர்ந்து எடு. சீக்கிரம் எடுடி."