மூன்று மணிக்குள் ஒரு துப்பாக்கி

வியாழக்கிழமையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் ஆளுக்கொரு துப்பாக்கியோடு வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. குடை, தண்ணீர் பாட்டில், துப்பாக்கி ஆகிய மூன்றிலும் பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். தமயந்தி அதைப் படிக்காமலே போன வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்தப் பள்ளிக்கூடம் வாரத்துக்கு ஏழு காகிதம் அனுப்பும். எவள் உட்கார்ந்து படிப்பாள்?

மூன்று மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். அப்போது மிச்சமிருக்கும் பிள்ளைகளை, துப்பாக்கியோடு யார் நிற்கிறாரோ அவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். திருப்பிக் கேட்க விண்ணப்பம் கிடையாது. இதை வியாழக்கிழமை பகல் ஒன்றரை மணிக்குத்தான் படித்துவிட்டுத் தமயந்தி காரை எடுத்தாள். மகள் யாழிசைக்கு ஏழு வயது. நடுவில் பல் இல்லை. அவளை யாரோ ஒருவன் கூட்டிக்கொண்டு போவதா?

டல்லாஸுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் கடை இருந்தது. கடைக்காரர் வெய்ன் ஆறடி உயரம், சிவந்த தாடி, டெக்சாஸை விட்டு வெளியே போனதே இல்லாதவர். விருதுநகர்த் தமிழில் பேசினார். தமயந்தியும் விருதுநகர்தான் என்பதால் அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

"வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க. ஜூஸ் சாப்பிடுறீகளா?"

"வேணாம் அண்ணாச்சி. நேரமில்ல."

தரையில் வெள்ளை விரிப்பு போட்டிருந்தது. வெய்ன் அலமாரியிலிருந்து துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக இறக்கி அவள் முன்னால் பரப்பினார். ஒன்றைப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்வதற்குள் நான்கு இறங்கின. முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவளைப் போல அவளை நிலைக்கண்ணாடி முன் நிறுத்தி, ஒன்றைத் தோளில் சாத்திப் பார்த்தார்.

"ஒங்க கலருக்கு இது எடுப்பா இருக்கும்மா."

"எனக்கு எடுப்பு வேணாம். பிள்ளையக் கூட்டிட்டு வரணும்."

"அப்ப மொதல்ல தோட்டாவ முடிவு பண்ணுங்க. துப்பாக்கி அதுக்குத் தக்கன அமையும். எதச் சுடப்போறீக?"

"எதையும் சுடப்போறதில்ல."

வெய்ன் ஏட்டைப் புரட்டினார். "எதையும் சுடாததுக்குன்னு தனியா தோட்டா இல்லையேம்மா." மூன்று தோட்டாக்களை விரிப்பின் மேல் நிற்க வைத்தார். "இது முந்நூறு. கட்டையான குழலுக்குப் பொருந்தும், சத்தம் கம்மி. இது ஆறரை, ரொம்ப தூரம் போகும், மானுக்கு நல்லது. இது அஞ்சு புள்ளி அஞ்சு ஆறு. தோள்ல ஒதைக்காது, எந்தக் கடையிலயும் கிடைக்கும். மொதத் துப்பாக்கிக்கு எல்லாரும் இதத்தான் எடுப்பாக."

"அதையே குடுங்க."

"பிள்ளைக்கு எம்புட்டு உயரம்?"

"அது எதுக்கு?"

"ஃபாரத்துல கேக்குதும்மா."

தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூன்றே முக்கால் அடி என்று சொன்னாள். படிவத்தில் கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும். இருபது வருடமாக இந்த நாட்டில் அவள் செய்துவந்தது அதுதான். அதை நினைத்ததும் கோபம் இன்னொரு படி ஏறியது.

குழல் பதினாறு அங்குலம் என்று முடிவாயிற்று. அவர்கள் பேசப் பேச அது வளர்ந்து கடை வாசலைத் தாண்டியது. வெய்ன் எழுந்து போய் அதை உள்ளே தள்ளிவிட்டு வந்தார். பிறகு ஒரு தொலைநோக்கியைப் பொருத்தி அவள் கண்ணருகே நீட்டினார். "இதுல பாத்துச் சொல்லுங்க."

தமயந்தி பார்த்தாள். ஒன்பது மைல் தொலைவில் இருந்த பள்ளிக்கூடம் பக்கத்து வீடு போலத் தெரிந்தது. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக யாழிசை, பையை மடியில் வைத்துக்கொண்டு ஷூவின் நாடாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தொலைநோக்கியின் கூட்டல் குறி அவள் நெற்றிப் பொட்டின் மேல் நின்றது.

"எடுங்க! எடுத்துத் தொலைங்க இத!"

"ஏம்மா, தெளிவா இல்லையா?"

"தெளிவா இருக்கு! அதான் எடுங்கங்கறேன்!" வெய்ன் முகம் சுளிக்காமல் அதைக் கழற்றிவிட்டுச் பெரிதாக்கிக் காட்டாத சாதாரணக் குறிமுள் ஒன்றை மாட்டினார். இந்த ஆளை அறைந்தால் என்ன என்று தமயந்திக்குத் தோன்றியது. மரியாதையான மனிதர் என்பதால் அறைய வழியில்லாமல் போயிற்று.

பில்லில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது மணி இரண்டு இருபது. அப்போது கைபேசி அடித்தது. ஆறு மாத விசாவில் வந்திருந்த மாமியார் பேசினார். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தினசரிக் காலண்டர் முன்னால் நின்றுதான் அவர் எப்போதும் பேசுவார்.

"தமயந்தி, இன்னிக்கு வியாழக்கெழமை. ஒன்றரைலருந்து மூணு வரைக்கும் ராகு காலம். புதுசா ஒண்ணும் வாங்கிப்புடாத."

"அத்தை, மூணு மணிக்குப் பூட்டிருவாங்க."

"மொதத் துப்பாக்கிம்மா. ராகு காலத்துல வாங்குன துப்பாக்கி வீட்டுக்கு ஆகுமா?"

"துப்பாக்கியே வீட்டுக்கு ஆகாது அத்தை!"

"அதுக்காக நேரம் பாக்காம வாங்குவாகளா?"

தமயந்தி இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. வங்கியொன்றில் ஐம்பது பேரை மேய்ப்பவள். ஆனால் பேனா காகிதத்தைத் தொடவில்லை. பின்னாளில் பிள்ளைக்கு ஏதாவது என்றால், அன்றைக்கு ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டோமே என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும். வெய்னும் கையைக் கட்டிக்கொண்டு, "பெரியவுக சொன்னா கேக்கணும்மா" என்றார். அவள் நின்றாள். இரண்டு முப்பதுக்கும் நின்றாள். இரண்டு நாற்பதுக்கும் நின்றாள். துப்பாக்கி வாங்கச் சொன்ன பள்ளிக்கூடத்தின்மேல் வரவேண்டிய கோபம் மாமியார்மேல் வந்தது. பிறகு தன்மேல் வந்தது. இரண்டு நாற்பத்தாறுக்குக் காகிதம் கிழியும்படி கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஒன்பது மைல் அன்றைக்குப் பதினான்கு மைலாக இருந்தது. பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது ஒரு நிமிடம் மிச்சம். தொப்பி போட்ட ஒருவன் துப்பாக்கியோடு நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் ஐந்து பிள்ளைகள் வரிசை கட்டியிருந்தார்கள். அவன் சாயல் ஒருவரிடமும் இல்லை. யாழிசை ஆறாவதாகச் சேரப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அது என் பிள்ளை!" என்று கத்தினாள் தமயந்தி.

ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட வாசல்காரி திரும்பினாள். "என்ன தோட்டா?"

"அஞ்சு புள்ளி அஞ்சு ஆறு."

"பேர் ஒட்டியிருக்கா?"

வழியில் சிக்னலில் நின்றபோது அவள் ஒட்டிய பூனைப் படம் போட்ட ஒட்டுச்சீட்டில் யாழிசை, இரண்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தது. வாசல்காரி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "சரி. தோட்டா உள்ளே இருக்கணும். வளாகத்தைத் தாண்டி, எதிர்ப்புறம் கார் நிற்கிற இடம் வரைக்கும் இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கணும். ஒரு கை எடுத்தாலும் பிள்ளை அவருக்கு."

தொப்பிக்காரன் மரியாதையாகத் தலையசைத்தான். "நான் காத்திருக்கிறேன், மேடம். அவசரமில்லை."

தமயந்தி அவனைப் பார்த்த பார்வையில் அவன் எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. அவள் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்தாள். யாழிசை ஓடிவந்து, வழக்கமாக அம்மாவின் சேலைத் தலைப்போ துப்பட்டாவோ தொங்கும் இடத்தில் முகத்தைத் தேய்த்தாள். தமயந்தியால் குனிய முடியவில்லை.

சாலையில் வண்டிகள் சீறிக்கொண்டு போயின. கை பிடிக்காமல் சாலையைக் கடக்கக் கூடாது என்று யாழிசைக்குச் சொல்லிக் கொடுத்ததே தமயந்திதான். பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு எட்டித் தொடும் உயரத்தில் இருந்த குழல் முனையைப் பிடித்துக்கொண்டது.

இருவரும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

"அம்மா, ஒன் கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"

தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு, தன் விரல் விசையில் படாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே சாலையைக் கடந்தாள்.