வாரண்டிக்காரன் பேரும் ஊரும்

விற்கும்போதே கெட்டுப்போகும் என்று சொல்லிக் காசு கேட்கிறவனைக் கோவிந்தசாமி தன் எழுபது வயதில் அன்றுதான் பார்த்தார்.

விருத்தாசலம் கடைவீதியில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் கடை அது. பேத்தி வேல்விழிக்குக் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்து, திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குப் போகிறாள். கையில் லேப்டாப் இருக்க வேண்டும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்களாம். மஸ்கட்டில் லாரி ஓட்டும் மகன் பணம் அனுப்பிவிட்டு, "நீ கூடப் போ, ஆனா வாயத் தொறக்காதப்பா" என்று போனில் சொல்லியிருந்தான். அவரும் அதுவரை திறக்கவில்லை.

வேல்விழி நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு, கறுப்பாக இருந்த ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். விற்பனைக்கு நின்றவன் சட்டையில் பிரவீன்குமார் என்று பேர் குத்தியிருந்தது.

"இது சிங்கம் தாத்தா. அஞ்சு வருசத்துக்கு அசையாது. நான் பெண்ணாடந்தான். நம்ம ஊருக்காரங்கள ஏமாத்துவனா?"

பில் போடும் நேரத்தில் அவனே இன்னொரு காகிதத்தை எடுத்தான். "கம்பெனி ஒரு வருசம் வாரண்டி குடுக்குது. மேல ரெண்டு வருசத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தனியா இருக்குது. நாலாயிரத்து ஐநூறுதான். போட்டுடலாங்களா?"

வேல்விழி தலையாட்டினாள். கோவிந்தசாமி வாயைத் திறந்தார்.

"எதுக்கு?"

"பின்னாடி எதுனா ரிப்பேர் வந்துச்சின்னா..."

"அசையாதுன்ன?"

"அசையாதுதான். ஒரு சேஃப்டிக்கு."

"அசையாதுன்னா காசு எதுக்கு? அசையும்னா இத்தினி நேரம் சிங்கம் புலின்னு எதுக்குடா பேசின?"

செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்துத் தோல் கறுத்த மனிதர். சூளையைப் பிரித்தால் விரிசல் விட்டது ஒரு பக்கம், விடாதது ஒரு பக்கம். நல்ல ஜாடியை விற்றுவிட்டு, நாளைக்கு விரிசல் விடும், அதற்கும் சேர்த்துக் கொடு என்று எந்த முதலாளியும் கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. களவாணித்தனத்துக்கு இங்கிலீஷில் பேர் வைத்திருக்கிறான் என்று பட்டது.

"தாத்தா, சும்மா இரு," என்றாள் வேல்விழி. "இத வாங்கறதுக்காகத்தான் அப்பா இந்த வருசம் லீவுக்கே வரல. ரெண்டாம் வருசம் கெட்டுப்போனா மறுபடி அவரக் கேக்க முடியுமா? வராமலே அங்கியே கெடக்கச் சொல்றியா?"

அது அவரைக் குத்தியது. "சரி. அந்தக் காகிதத்தப் படி."

பொடி எழுத்தை அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கீழே விழுந்தால் கிடையாது. தண்ணீர் பட்டால் கிடையாது. கரண்ட் ஏறி இறங்கிப் புகைந்தால் கிடையாது. பேட்டரிக்குக் கிடையாது. பூச்சி புகுந்தால் கிடையாது.

"அப்பறம் எதுக்குத்தான் கெடைக்கும்? பூசை ரூம்புல வெச்சி சூடம் காட்டினா கெடைக்குமா?"

பக்கத்தில் மவுஸ் வாங்க வந்தவர் சிரித்துவிட்டார்.

"கெட்டா யாரக் கேக்கறது?"

"இந்த நம்பருக்குப் போன் போடணும் தாத்தா."

"நம்பரு இருக்கட்டும். ஆளு யாரு? பேரென்ன, ஊரென்ன?"

"அதெல்லாம் எதுக்கு?"

"கொளஞ்சியப்பருகிட்டப் பிராது கட்டணும்னா பேரும் ஊரும் இல்லாம எப்பிடிடா எழுதறது?"

சிரித்தவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கோர்ட்டு. ஏமாற்றினவன் பேரையும் ஊரையும் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து, அவன் ஊர் தூரத்துக்குத் தக்கபடி படிப்பணம் என்று ஒரு தொகையும் செலுத்தி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வந்தால் மீதியைச் சாமி விசாரித்துக்கொள்ளும். வக்கீல் நோட்டீசைக் கிழித்துப் போடுகிறவனும் அதற்கு பயப்படுவான்.

பிரவீன்குமார் சட்டையில் இருந்த பேரை உள்ளங்கையால் மூடினான். "தாத்தா, எனக்கு ஆவணியில கல்யாணம்."

"கைய எடுடா. கூலிக்கு நிக்கறவன் நீ, ஒன் மேல கட்டமாட்டேன். மொதலாளியக் கூப்புடு."

உள்ளேயிருந்து முதலாளி மாணிக்கவேல் வந்தார். "என்னங்க ஐயா, கடையில வந்து கோயிலு பேச்சு?"

"வாரண்டிக்காரன் யாரு?"

"அது தனிக் கம்பெனிங்க. மும்பையில இருக்குது. வித்துக் குடுக்கறதோட நம்ம வேல முடிஞ்சிது."

"மும்பைன்னா என்னா? தூரத்துக்கு உண்டான படிப்பணத்த நான் கட்டறேன். ஆளு பேரச் சொல்லு."

"கம்பெனின்னா ஒரு ஆளாங்க? எப்பிடிப் பேரு சொல்றது?"

"காசு வாங்க ஆளு இருக்குது, பேரு சொல்ல ஆளு இல்லியா? சரி, வித்தவன் நீ. கெட்டா நான் பொறுப்புன்னு இதுக்குக் கீழ ஒன் பேரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போடு. நாலாயிரத்து ஐநூறு இந்தா."

நோட்டுகளை மேஜைமேல் அறைந்தார். மாணிக்கவேல் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். காகிதத்தை ஒருமுறை பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாங்க ஐயா. உங்களுக்கு அந்த வாரண்டியே வேணாம். மிஷின மட்டும் எடுத்துட்டுப் போங்க."

"பாத்தியா பாப்பா? விக்கறவனே தொடமாட்டேங்கறான்."

வேல்விழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "சந்தோசமா? கெட்டா அப்ப நான் யாரக் கேக்கறது? அதுக்கு ஒரு ஆளச் சொல்லு மொதல்ல."

இவ்வளவு நேரம் கோவிந்தசாமி கேட்ட கேள்விதான் அது. முறைத்தபடி நின்றவர், மேஜைமேல் கிடந்த பணத்தை அள்ளி அவளிடம் நீட்டினார். "இந்தா. கெட்டா இதுல ரிப்பேர் பாரு."

"எங்கிட்ட இருந்தா செலவாயிடும். இதுக்கு மேல ஆச்சின்னா?"

"மேல ஆனா நான் குடுக்கறேன். ஒங்கப்பன் காதுல போடாத."

"வாயால சொன்னா யாரு நம்பறது?" என்றாள் அவள், அவர் குரலிலேயே.

பிரவீன்குமார் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

கோவிந்தசாமி வேட்டியை ஒதுக்கிப் பணத்தை உள்ளே டவுசர் பையில் திணித்தார். வேல்விழி பேரில் போட்ட பில்லைப் பிடுங்கித் திருப்பிப் போட்டு, மாணிக்கவேலின் பேனாவை எடுத்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். கெட்டா நான் பொறுப்பு, கோவிந்தசாமி, பூதாமூர் என்று எழுதி வேல்விழி கையில் கொடுத்தார். பேனாவை மாணிக்கவேலின் முன்னால் டக்கென்று வைத்தார்.

"பாத்துக்க. கை ஒண்ணும் வெந்து போவல."