குஞ்சித்தம்பியாரின் நாலடிக் கடல்

களுவாஞ்சிக்குடியில் ஒரு வீடு யாருடையது என்று கேட்டால், அந்த வீட்டுப் பெண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பெட்டியோடு வந்து அதற்குள் ஏறுவார். பெற்றவர்கள் பின்வளவில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே இதுதான் நடப்பு. இதில் எவருக்கும் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை, குஞ்சித்தம்பியார் ஒருவரைத் தவிர.

கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய மனிதர். குடியிருந்த வீடு மனைவி வசந்தாதேவியின் சீதனம். முற்றத்துத் தென்னைகள் அவளுடையவை. ஊருக்கு வெளியே வட்டையில் கிடந்த வயலும் அவளுடையது. மகள் சுதர்சனா எந்தக் குடி, எந்த வம்சம் என்று கோயிலில் கேட்டால், அதுவும் தாயின் குடிதான். இப்படி எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் அவருக்கென்று மிஞ்சியது ஹோல் மூலையில் நின்ற நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றுதான். அதற்குள் கடல்நீர், முருகைக்கல், உயிரோடு ஒரு கூட்டம்.

அந்தத் தொட்டி சுனாமியின் உபயம். அலை வடிந்த பிறகு மட்டக்களப்புக்கு வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களில் ஒருவர் இவர்களுடைய முன்னறையை வாடகைக்கு எடுத்தார். வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க வந்தவர். ஆனால் வீடு கட்டுவதைவிட மீன் வளர்ப்பதில்தான் கெட்டிக்காரர். சண்டை மறுபடியும் தொடங்கியதும் அவருடைய நிறுவனம் அவரை விமானம் ஏற்றிவிட்டது. அவர் கட்டத் தொடங்கிய வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. தொட்டியில் மட்டும் ஒரு குறையும் இருக்கவில்லை. அதைக் குஞ்சித்தம்பியாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஊர் சும்மா இருக்குமா. கடல் வீட்டுக்குள் வந்தது போதாதென்று வாளியில் அள்ளியும் கொண்டு வருகிறாரே, மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். உண்மை வேறு. அவருடைய அக்கா ஆச்சிப்பிள்ளை கடற்கரைப் பக்கம் குடியிருந்தவள். அலை அவளைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அவர் பெரிய வீதியைத் தாண்டிக் கிழக்கே கால் வைக்கவில்லை. கடல் என்றால் அவருக்குப் பயம், பயத்தைவிட அதிகமாகக் கோபம். ஆனால் இந்தக் கடலுக்கு நாலு பக்கமும் கண்ணாடி இருந்தது. இதை முகத்துக்கு முகம் பார்க்க முடிந்தது.

தொட்டிக்குக் கடல்தண்ணீர் கொண்டு வருவது ஆட்டோக்காரர் பதியுதீனின் வேலை. சோதனைச்சாவடியில் ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் கானைத் திறக்கச் சொல்வார்கள். ஒரு சிப்பாய் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, உப்புத்தண்ணீரை எதற்கு வீட்டுக்குக் கொண்டு போகிறாய் என்று வெகுநேரம் விசாரிப்பான். மீனுக்கு என்றால் நம்பமாட்டான். மீன் கடலிலேயே இருக்கலாமே என்பான். நியாயமான கேள்விதான், பதியுதீனுக்கும் பதில் தெரியாது. போகப்போக அந்தச் சிப்பாயே மீன்களின் சுகம் கேட்கத் தொடங்கினான்.

குஞ்சித்தம்பியார் நாள் முழுக்கக் கதிரையைப் போட்டுக்கொண்டு தொட்டியைப் பார்ப்பார். பார்த்து, ஊருக்குப் புத்தி சொல்வார்.

செத்த சங்குகளுக்குள் குடியிருக்கும் நண்டுகள் சில அதில் இருந்தன. ஒருநாள் அவர் பெரிய வெறுஞ்சங்கு ஒன்றை உள்ளே போட்டார். நண்டுகள் ஒவ்வொன்றாக வந்து அதைச் சுற்றி நின்றன. பெரியது, அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசை. பெரியது புதுச் சங்குக்குள் ஏறியது. அது விட்ட சங்குக்குள் அடுத்தது. கடைசியில் எல்லோருக்கும் அளவான வீடு. குஞ்சித்தம்பியார் அசந்துபோனார். சுனாமி வீட்டுத்திட்டத்தில் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். "கமிட்டி இல்ல, பெனர் இல்ல, றிபன் வெட்டல்ல. ஒரு நண்டாவது ரெண்டு வீடு எடுத்துதா?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டார்.

முதுகில் வெள்ளைக்கோடு போட்ட சிவப்பு இறால் ஒன்றும் இருந்தது. அது கல்லின்மேல் ஏறி நின்று மீசையை ஆட்டும். மீன் வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இறால் வாய்க்குள்ளேயே இறங்கி, பல்லிடுக்கில் உள்ளதையெல்லாம் தோண்டித் தின்றுவிட்டு வெளியே வரும். மீனுக்குச் சேவை, இறாலுக்குச் சாப்பாடு. அதற்கு அவர் வைத்த பெயர் கோஓடினேட்டர். தொண்டு நிறுவனங்களில் அதே பதவியில் வேலை பார்த்த சில பொடியன்கள் இந்தப் பெயரைக் கேட்ட பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

ஆனால் அவருடைய உயிர் இருந்தது கோமாளி மீன் சோடியில்தான். பூவைப்போல விரிந்து ஆடும் கடற்சாமந்தி ஒன்றுக்குள் அவை குடியிருந்தன. சாமந்தியின் விரல்கள் மற்ற மீன்களைச் சுட்டுவிடும், இவற்றை ஒன்றும் செய்யாது. சோடியில் ஒன்று பெரியது. அது சண்டைக்காரன். வேறு மீன் கிட்ட வந்தால் துரத்தும். கண்ணாடியைத் துடைக்கக் கை விட்டால் கையைக் கடிக்கும். சின்னது அதன் பின்னால் பணிந்து திரியும். பெரியதுதான் ஆண் என்று குஞ்சித்தம்பியார் முடிவு கட்டிவிட்டார். தன் வீட்டை ஆளும் புருசன். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிமிரும்.

இப்படி இருக்கையில் ஒரு வைகாசியில் சண்டை முடிந்தது. முடிந்த விதத்தைப் பற்றிச் சத்தமாகப் பேச ஊரில் எவருக்கும் துணிவில்லை. அதனால் எல்லோரும் கலியாணம் பேசத் தொடங்கினார்கள். சுதர்சனாவுக்கும் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை உதயரூபன் வந்தாறுமூலைக் கம்பஸில் விலங்கியல் படிப்பிக்கிறவன்.

பெரியவர்களோடு வீடு பார்க்க வந்த உதயரூபன் வீட்டைப் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை. நேரே போய்த் தொட்டியின் முன்னால் முழங்காலில் இருந்துவிட்டான். குஞ்சித்தம்பியாருக்கு உச்சி குளிர்ந்தது. பக்கத்தில் குந்திக்கொண்டு விளக்கம் சொன்னார்.

"தம்பி, இந்தப் பெரிசுதான் ஆம்புள. வீட்டுக்காரன். சின்னது பொஞ்சாதி. இவன்ட சொல்லுக்கு மிஞ்சி அங்க ஒண்டும் நடக்கா."

"இல்ல மாமா," என்றான் அவன். பேச்சு முற்றாகும் முன்பே மாமா என்றுவிட்டான். "பெரிசுதான் பொம்புள. வீடு அவவுடையது. சின்னவர்தான் புருசன், அவர் சும்மா வந்து இருக்கிறவர். அவ செத்தா இவர் பொம்புளயா மாறிருவார். அப்பதான் வீடு இவருக்கு."

அடுக்களை வாசலில் நின்ற வசந்தாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். "இதைக் கண்டுபிடிக்கக் கம்பஸ் மட்டும் போய்ப் படிக்கணுமா தம்பி? நம்மட ஊருல ஆரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே."

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்தது. குஞ்சித்தம்பியாருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலமும் தான் மெச்சிய வீரன் ஒரு வீட்டுக்காரி என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. அதைவிடப் பெரிய இடி ஒன்று அன்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது. வீடு மகளுக்குப் போகிறது. தொட்டி வீட்டுக்குள் நிற்கிறது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. வீடு சுதர்சனாவின் பெயருக்கு மாறியது. வசந்தாதேவி சட்டிபானையையும் சாமிப் படங்களையும் ஓர் அலுமாரியையும் எடுத்துக்கொண்டு, பின்வளவில் கட்டிய ஒற்றையறை வீட்டுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் போனாள். குஞ்சித்தம்பியார் ஆயிரம் சொல் சொன்னார், எல்லாம் தொட்டியைப் பற்றி. சாப்பாட்டில் மனம் இல்லை. விடிந்ததும் முன்வீட்டுக்குப் போய், புதுத்தம்பதி கதவைத் திறக்கும்வரை படியில் காத்திருப்பார். எனக்கென்று இருந்த ஒன்றும் போய்விட்டது என்று பதியுதீனிடம் கண்கலங்கினார்.

மாமனும் மருமகனும் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். காலைத் தீனி மாமன், மாலைத் தீனி மருமகன், தண்ணீர் மாற்றுவது இருவரும் சேர்ந்து என்று உடன்படிக்கை. ஒரு கிழமை தாங்கியது. பிறகு மாமன் மாலையிலும் ரகசியமாகத் தீனி போட்டார். மருமகன் அவரைக் கேளாமல் கல்லை இடம் மாற்றினான். உடன்படிக்கையை முதலில் மீறியது யார் என்பதில் இருவரும் முறுகிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் நாட்டுக்கே பழகிப்போன விசயம்தான்.

இந்தச் சச்சரவில் இருவருமே ஒன்றை மறந்துபோனார்கள். வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். ஒருநாள் பின்னேரம் சுதர்சனா இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நான் ஹோலில ரியூசன் வைக்கப்போறன். புள்ளைகள் இருக்க இடம் வேணும். தொட்டிய எடுங்க."

"எங்க புள்ள எடுக்கிற?" என்றார் தகப்பன்.

"அது அப்பாட தொட்டிதானே. அப்பாட வீட்டில வைங்க."

அப்பாவின் வீடு என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் அவர் கேள்விப்பட்டார். கேட்டதும் குளிர்ந்துபோனார். மருமகனின் முகம் தொங்கியது, ஆனால் அவன் வாய் திறக்கவில்லை. இந்த ஊர் மாப்பிள்ளைக்கு உரிய பாடத்தை அவன் வெகு சீக்கிரம் படித்துக்கொண்டிருந்தான்.

பின்வீட்டில் ஒரு சுவர் கதவுக்குப் போயிருந்தது, ஒரு சுவர் யன்னலுக்கு, ஒன்று அடுப்புக்கு. நாலடித் தொட்டி நிற்கக்கூடிய சுவர் ஒன்றே ஒன்றுதான். அதில் வசந்தாதேவியின் தாயார் விட்டுப்போன முதிரை மர அலுமாரி நின்றது. குஞ்சித்தம்பியார் யோசிக்கவே இல்லை. "இப்போதைக்கு வெளியில இருக்கட்டும்" என்று மருமகனையும் பதியுதீனையும் பிடித்து அலுமாரியைத் தூக்கி முருங்கையடியில் வைத்தார். சுனாமி நிவாரணத்தில் கிடைத்த நீலப் படங்கு ஒன்றை மேலே போட்டார். மீன்கள் வாளியில் வந்தன, கல் வந்தது, சாமந்தி வந்தது. பெரியவள் புது இடத்தில் ஒருநாள் ஒளிந்திருந்துவிட்டு, மறுநாள் வழக்கம்போலக் கையைக் கடித்தாள். அவருக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. இரவும் பகலும் கொட்டியது. படங்கின் ஒரு மூலை காற்றுக்குப் பிரிந்துவிட்டது. ஒருநாள் வசந்தாதேவி நனைந்துகொண்டு உள்ளே வந்தாள். கையில் அவளுடைய கூறைச்சேலை. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உங்கட மீனுக்கு நனைஞ்சா ஒண்டுமில்ல. என்ட அலுமாரிக்குத்தான் நனைஞ்சா பழுது," என்றாள். அவ்வளவுதான். சேலையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில் பாயை விரித்துச் சுருண்டு படுத்தாள்.

குஞ்சித்தம்பியாருக்கு அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. அவள் பிறந்த வீடு, அவளுடைய தாய் அவளுக்கு விட்டுக்கொடுத்த வீடு. அதைக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு மிஞ்சிய ஒரு சுவரையும் தான் பறித்துக்கொண்டது அவருக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. நண்டுகளில் ஒன்றுகூட இப்படிச் செய்யாது. அவளுக்காக எதையாவது பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்று மனம் துடித்தது.

நான்காம் நாள் மழை விட்டது. வசந்தாதேவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவர் காரியத்தில் இறங்கினார். உதயரூபன் கம்பஸ் ஆய்வுகூடத்தில் பேசி வைத்திருந்தான். பதியுதீன் ஒரு சின்ன லொறி கொண்டு வந்தார். நண்டுகள், கோஓடினேட்டர், கோமாளிச் சோடி, எல்லாம் வாளிகளில் ஏறின, பின்னால் வெறுந்தொட்டியும் ஏறியது. லொறி கிளம்பியபோது குஞ்சித்தம்பியார் வீதிவரை கூடவே நடந்தார். அங்கே நின்று கையை ஆட்டி வழியனுப்பினார். பிறகு ஆள் பிடித்து அலுமாரியை உள்ளே ஏற்றி, பழைய இடத்தில் நிறுத்தி, உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் ஈரத்தைத் துடைத்தார். மனைவி வந்து பார்த்ததும் என்ன சொல்வாள், தான் அதற்கு எப்படித் தன்னடக்கமாகப் பதில் சொல்வது என்று இரண்டு மூன்று விதமாக ஒத்திகை பார்த்தார்.

வசந்தாதேவி வந்தாள். வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள்.

"தொட்டி எங்க?"

"கம்பசுக்குக் குடுத்திட்டன். உனக்காகத்தான்."

"என்னட்டக் கேட்டீங்களா?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி இருக்கவில்லை. "அலுமாரி நனைஞ்சுதே..." என்றார்.

"அலுமாரிய சுதர்சனா அவட அறையில வைக்கக் கேட்டவள். நேத்தே நான் ஓம் எண்டிட்டன். இண்டைக்கு ஆள் வந்து தூக்கியிருக்கும். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே." அவள் கோயில் தட்டை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள். "வெளியில வைக்கக்குள்ளயும் கேக்கல்ல. உள்ள வைக்கக்குள்ளயும் கேக்கல்ல."

அவர் அலுமாரியின் கதவை மறுபடியும் துடைத்தார்.

"அந்தப் பெரியவளோட நான் விடியக்காலமயில கதைக்கிறனான்," என்றாள் அவள். "நீங்க எழும்ப முந்தி. அந்த வீட்டில இருக்கக்குள்ளயே. இஞ்ச வந்த மறுகா கதைக்க எனக்கு வேற ஆர் இருந்த?"

குஞ்சித்தம்பியாருக்கு இது புதினம். இறாலின் மீசை எத்தனை என்று தெரிந்தவர். தன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் விடியலில் எழுந்து வந்து கண்ணாடிக்கு முன்னால் இருந்து பேசியது அவருக்குத் தெரியாது.

"என்னத்தைக் கதைப்பாய்?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"உங்களைப் பத்தித்தான். வேற ஆரைப் பத்தி?"

அவர் சாரத்தைத் தூக்கிக் கட்டினார். "பதியுதீன இப்பவே கூப்பிடுறன். பின்னேரத்துக்குள்ள போய் எல்லாத்தையும் கொண்டு வாறன்."

"வேணா," என்றாள் வசந்தாதேவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எத்தனை தரம்தான் அதுகளும் வீடு மாறுற."