கதான்ஸ்கில் ஒரு வெறும் கல்லறை

வீட்டுக்கார அம்மா ஹலினா குனிந்து, கல்லின் மேல் கிடந்த பனியைக் கையுறையால் வழித்துத் தள்ளினாள். இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் வெடவெடத்தபடி நஜிமுதீன் பக்கத்தில் நின்றான். போர்ட் பிளேயர் கப்பல் பட்டறையில் எஞ்சின் பிட்டர் அவன். பயிற்சிக்கு அனுப்பிய சர்க்கார், நல்ல குளிர்காலமாகப் பார்த்துப் போலந்துக்கு அனுப்பியிருந்தது. கதான்ஸ்க் என்ற பெயர் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது. அந்த ஊர் வீடுகள் இன்னும் வேடிக்கை. இருநூறு வருஷத்துக் கிழடுகள் மாதிரி வரிசையாக நிற்கும். விசாரித்தால் எல்லாம் நஜிமுதீனைவிட இளசு. உலகச் சண்டையில் தரைமட்டமானதைப் பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

கல்லில் இருந்தது ஹலினாவின் புருஷன் பெயர். அவள் மகள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினாள். உள்ளே அப்பா இல்லை; ஜெர்மன்காரர்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள், எங்கே என்று இன்றுவரை தெரியாது. அம்மாதான் கல் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

நஜிமுதீனுக்குத் தன் உம்மா நினைவு வந்தது.

அவன் வாப்பா சேக் தாவூதை, அதே சண்டையில் அந்தமானைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் படகில் ஏற்றினான். வேறு தீவில் பயிர் செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி ஊரில் பலரை ஏற்றினான். படகு திரும்பியது, ஆட்கள் திரும்பவில்லை. நடுக்கடலில் தள்ளிவிட்டார்கள் என்று பஜார் முழுக்கத் தெரியும். மற்ற வீட்டுப் பெண்கள் அழுதார்கள், கைம்பெண்ணுக்குரிய இத்தா இருந்தார்கள், எழுந்து பிழைப்பைப் பார்த்தார்கள். அவன் உம்மா மெஹருன்னிசா மட்டும் இத்தா இருக்கவில்லை. "பாத்தவுக யாரு?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள். அன்று வயிற்றில் இருந்த அஸ்மாவுக்கு இப்போது கல்யாண வயது கடந்துகொண்டிருந்தது. திக்லிபூர் மளிகைக் கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம் ஒரே கேள்வியில் தொங்கியது. பெண்ணின் வாப்பா இருக்கிறாரா, மவுத்தா? இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் பெற்றவள் தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். இதற்கு முன் வந்த சம்பந்தம் இதே இடத்தில்தான் முறிந்தது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, ஷாதிபூர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து உம்மாவிடம் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னான். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் வாப்பா பள்ளிவாசல் லெப்பையோடு வருகிறார். அதற்குள் உம்மா மனம் கரையாதா என்று ஏங்கினான். உம்மா அரிசி புடைத்தபடியே கேட்டாள். பனி எப்படி இருக்கும் என்றுகூட விசாரிக்கவில்லை.

"கல்லு வச்சா, சரி. மவுத்துன்னு மொதல்ல யாரு சொன்னா? அவளா?"

"அவங்களாத்தான் இருக்கும் உம்மா."

"ஏத்திட்டுப் போனவன் கொன்னானோ என்னமோ. இவ சொன்னதும் அந்த மனுசன் செத்துட்டாரு." முறத்தைக் கீழே வைத்தாள். "ஜப்பான்காரன் பாவத்த என் தலையில ஏத்தச் சொல்றியா வாப்பா?"

 சுவரோரம் நின்ற அஸ்மா சத்தமில்லாமல் கிணற்றடிக்குப் போய்விட்டாள். அதைப் பார்த்ததும் நஜிமுதீனுக்கு உம்மா மேல் கோபமே வந்தது. இல்லாத மனிதருக்காக இருக்கிற பிள்ளையைக் காயப் போடுவது என்ன நியாயம்? மாப்பிள்ளையின் வாப்பா வரும் திக்லிபூர் கப்பல் ஏதாவது கோளாறில் நின்றுவிட்டால்கூட நல்லது என்று வேண்டிக்கொண்டான். கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா டீயைத் தொடவில்லை.

"தேகோ பாய், இங்க பாருங்க, பொண்ணு விசயத்துல எங்களுக்கு ஒரு குறையுமில்ல. இந்த ஒரு வார்த்தை மட்டும் சாஃபா, தெளிவாத் தெரியணும்."

லெப்பை கதவுத் திரையைப் பார்த்துக் கேட்டார். "மெஹருன்னிசாம்மா, சேக் தாவூது இருக்காகளா, மவுத்தா?"

திரைக்கு அப்பால் அசைவே இல்லை.  போய்விட்டது, இதுவும் போய்விட்டது என்று நஜிமுதீன் தரையைப் பார்த்தான்.

"மவுத்தாயிட்டாக."

அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. கடையில் பொருள் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி உம்மாவின் குரல். நஜிமுதீனுக்கு உயிர் திரும்பி வந்தது. லெப்பை ஓதி முடித்துவிட்டு, "எத்தனையோ வருசமாச்சு. இத்தாவெல்லாம் எப்பவோ கழிஞ்சிருச்சு. வர்ற வெள்ளியே நிக்காஹ் வச்சிரலாம்" என்றார். மாப்பிள்ளையின் வாப்பா சிரித்து, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

"வாப்பா நஜிமு" என்று உம்மா உள்ளே கூப்பிட்டாள்.

அதற்குள் வெள்ளைச் சேலைக்கு மாறியிருந்தாள். கழுத்திலிருந்து கழற்றிய கருகமணித் தாலி அஸ்மாவின் இரண்டு கைகளிலும் கிடந்தது; எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் விழித்துக்கொண்டு நின்றாள். உம்மா ஒரு போர்வையை எடுத்து, அறையின் மூலையை மறைக்கிற மாதிரி அளவு பார்த்தாள்.

"இங்க ஒரு ஆணி அடி. அந்தப் பக்கம் ஒண்ணு."

நஜிமுதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தாவில் உட்கார்ந்தால் நாலு மாசம் பத்து நாள் வெளியாள் முகம் பார்க்கக் கூடாது, விசேஷத்தில் நிற்கக் கூடாது.

"லெப்பை சொன்னாரே உம்மா, அது எப்பவோ கழிஞ்சிருச்சுன்னு. அடுத்த வாரம் நிக்காஹ். நீங்க இல்லாம எப்படி?"

"அவருக்குச் சேதி எப்ப வந்துச்சோ." உம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு இன்னைக்குத்தான வந்துருக்கு."

வெளியே யாரோ சர்க்கரை கேட்டார்கள். உம்மா குதிகாலை உயர்த்தி, ஒரு கையால் போர்வையின் முனையைப் பலகைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆணிக்காக அவன் பக்கம் நீட்டினாள்.